சொட்டு மருந்து விடாத மதியம்

அக். 7, செவ்.

விடிந்ததிலிருந்து தூறல். தீபாவளி நெருங்குகிறது, பார்லரில் கூட்டம். புருவம் எடுக்க வந்தவர்களை இன்றும் திருப்பி அனுப்பினேன். வலது கண் போனதிலிருந்து நூல் எங்கே, தோல் எங்கே என்று தூரம் பிடிபடுவதில்லை. இப்போது ஃபேஷியல், தலைக்கு டை, அவ்வளவுதான்.

மதியம் பஸ் பிடித்துக் கடலூர். செம்மண்டலத்தில் வக்கீல் மேடம் வீடு. என் வீட்டுக்காரர், இவர், வரவில்லை. "எங்கம்மா கண்ணுக்கு அந்த டாக்டருதானே ஆபரேஷன் பண்ணாரு. அவரு மேல கேஸா? என்னால முடியாது கலா."

மேடம் சுற்றி வளைக்காமல் பேசினார். போலீஸுக்குப் போகலாம், ஆனால் பெரிய அலட்சியம் என்று இன்னொரு டாக்டர் சொல்லணும், கஷ்டம். மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரை விசாரிப்பார்கள், எனக்கு நஷ்டஈடு வராது. நஷ்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் கோர்ட். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு இந்த மாதத்தோடு முடிகிறது.

"நோயத் தப்பா சொன்னாருன்றது மட்டும் பத்தாதும்மா. எந்தக் கண் டாக்டரும் செய்யற பரிசோதனைய இவரு செய்யலன்னு காட்டணும். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியற வரைக்கும் உக்கார வெச்சாரா?"

இல்லை. கண்ணில் மின்னல் மாதிரி வெட்டுகிறது, கறுப்புப் புள்ளி பறக்கிறது என்று சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தார். அசதி என்றார். ஒரு மாதம் கழித்து வா என்றார். அந்த மாதம் முடிவதற்குள் பாதிக் கண்ணில் திரை விழுந்துவிட்டது. பாண்டிச்சேரிக்கு ஓடினோம். விழித்திரை முழுக்கப் பிரிந்திருந்தது. முன்னாடியே வந்திருந்தால் லேசரிலேயே காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை.

அக். 9, வியா.

மேடத்திடமிருந்து போன். கிளினிக் கொடுத்த என் கேஸ் ஷீட் நகலைப் படித்துவிட்டார். அதில் 'இரு கண்களிலும் மருந்து விட்டு விழித்திரை பார்க்கப்பட்டது, நார்மல்' என்று இருக்கிறதாம். அவர் எழுதியதற்கு எதிராக என் வாய் வார்த்தை மட்டும்.

மேடம் மறுபடி மறுபடி கேட்டார். "அன்னிக்கு கிளினிக்க விட்டு எங்க போனீங்க? யோசிங்க."

நேராகக் கடைக்கு. பார்லருக்கு வாடிக்கையாக வரும் ரம்யாவுக்கு அன்று சாயங்காலம் நிச்சயதார்த்தம். அவசரமாகப் புருவம் எடுத்துவிட்டேன்.

மேடம் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு கண்ணுலயும் மருந்து விட்டிருந்தா பக்கத்துல இருக்கறது கலங்கித் தெரியும். நூல் பிடிச்சிருக்க முடியுமா? அந்தப் பொண்ண புடிங்க."

அக். 12, ஞாயிறு

ஸ்ரீமுஷ்ணம். ரம்யாவைக் கட்டிக்கொடுத்த ஊர். நல்ல வெயில், பஸ்ஸில் புழுக்கம். நிச்சயதார்த்த போட்டோ கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் அவள் புருவத்தைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு.

விஷயத்தைச் சொன்னேன். ரம்யா வாயைத் திறப்பதற்குள் மாமியார், "கோர்ட்டுக்கெல்லாம் எங்க வூட்டுப் பொண்ண இழுக்காதம்மா. கைக்குழந்தக்காரி. நாளைக்கு ஒண்ணுன்னா அந்த டாக்டருகிட்டதான போய் நிக்கணும்?"

ரம்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

அக். 16, வியா.

பக்கத்துக் கடையில் யாரோ: "கண்ணு போனதுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு, விதி." என் காது கேட்கட்டும் என்றே சொன்னது.

கிளினிக் மேனேஜர் இவரை வழியில் நிறுத்திப் பேசினாராம். சமாதானமாகப் போகலாம், ஊருக்குள் முகம் பார்த்து வாழ வேண்டாமா என்று. இவர் என்ன சொன்னார்? "மருந்து விட்டதா எழுதியிருக்கீங்களே, யாரு விட்டான்னு கேட்டேன். மூஞ்சிய திருப்பிக்கினு போயிட்டான்." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நானும் அன்னிக்கு வெளியதானே உக்காந்திருந்தேன். போன வேகத்துல நீ திரும்பி வந்துட்ட. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அழுகை வந்தது. அழவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணில் அழுதால் எரியும்.

அக். 22, புதன்

அடைமழை. கரண்ட் இல்லை. ரம்யா போன். மெதுவான குரல். "அக்கா, நான் வரேன். அத்தைகிட்ட சொல்லிட்டேன். திட்டினாங்க, திட்டட்டும். அன்னிக்கு என் கண்ணுக்கு அவ்ளோ கிட்ட நூல் வெச்சிருந்தீங்க. உங்க பார்வை கலங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

அக். 27, திங்.

மனு தாக்கல். ரம்யா குழந்தையோடு வந்து பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். இவரும். பாண்டிச்சேரி டாக்டர் எழுத்தில் கொடுக்க முதலில் தயங்கினார். அவர் பார்த்தபோது கண் எந்த நிலையில் இருந்தது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தார். அது போதும் என்றார் மேடம். குடை தொலைந்தது.

நவ. 18, செவ்.

கடலூர். நுகர்வோர் கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடம் கொஞ்ச நேரம்தான் பேசினார். மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். டாக்டருக்கு நோட்டீஸ்.

வெளியே வந்து, "ஜெயிப்போமா மேடம்?"

"தெரியாதும்மா. வருஷக்கணக்குல இழுப்பாங்க. ஆனா மருந்து விட்டேன்னு இனிமே அவரு சத்தியம் பண்ணித்தான் சொல்லணும்."

இவர் டீ வாங்கப் போனார். கூட்டத்தில் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. வலது பக்கமாகத்தான் இருக்கும். முழுசாகத் திரும்பி நின்று தேடினேன்.