பெரட்டு இல்லாத மாதம்

அன்பு மகள் தினேஸ்வரிக்கு, சிம்பாங் பூலாயிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், முட்டிவலி மட்டும் அதன்பாட்டுக்கு இருக்கிறது. கோலாலம்பூரில் நீயும் மருமகனும் பேரன் ஷர்வினும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். ஷர்வின் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய படத்தை லயத்து வீடுகளில் காட்டாத ஆள் இல்லை. என் மகள் நாம் ஓட்டுப் போட்டுப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய ஒய்.பி. அலுவலகத்தில் அதிகாரி என்று சொல்லியே நிமிர்ந்து நடந்தவள் நான். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்து, பார்த்துப் படி.

உன் அப்பாவைப் புதைத்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். ரப்பர் தோட்டத்தை வாங்கிய கம்பெனி வீடு கட்ட இடுகாட்டையும் கேட்டபோது நாங்கள் வாசலில் பந்தல் போட்டு முறைவைத்து உட்கார்ந்திருந்தோம், ஒரு வண்டி உள்ளே போகவில்லை. அப்போதுதான் நீ போன் பண்ணினாய். ஒய்.பி. பார்லிமெண்டில் கேள்வி போட்டுவிட்டார், மந்திரி எழுந்து பதில் சொல்லியே ஆகணும், இனி பந்தல் எதுக்கும்மா, பிரிச்சிடுங்க என்றாய். அந்தக் காலத்தில் எங்களை வேலை வாங்கிய மண்டோர் ஆம்புரோஸ் அண்ணன், அவர் மனைவி ரோசம்மாவும் அங்கேதானே கிடக்கிறாள், அவர் மட்டும் பதில் வரட்டும்லா, அப்புறம் பிரிப்போம் என்றார். என் மகள் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் வாயை அடைத்து முதல் கயிற்றை அவிழ்த்தவள் நான்.

பார்லிமெண்ட் கூட்டத்தின் கடைசி நாள் வரை கேள்வி வரவில்லை, அவையை ஒத்திவைத்துவிட்டார்கள். பதில் எழுத்தில் வரும், இடுகாடுகளுக்கான சட்டம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டது என்றாய். அதற்கும் நான் கலங்கவில்லை. தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு நிறுத்திப் பேர் கூப்பிடாவிட்டால் அன்று யாருக்கும் வேலை இல்லை, பால்வெட்டும் கத்தியைக்கூடத் தொடமாட்டோம். பார்லிமெண்டுக்குப் பெரட்டு இல்லை என்றால் மந்திரியும் ஆபீசும் கம்பெனியும் அதுவரை சும்மா இருக்கும் என்று நினைத்து எல்லோரிடமும் அதையே சொன்னேன். கேட்கிற ஆளுக்குத்தான் லீவு, செய்கிற ஆளுக்கு லீவு இல்லை என்பது புல்டோசர் வந்த பிறகுதான் விளங்கியது. இடுகாட்டை எடுக்க அனுமதி கையெழுத்தானதுகூட அந்த லீவில்தானாம். மந்திரியை நிறுத்தி ஏன் என்று கேட்க இப்போது ஓர் இடமும் திறந்திருக்கவில்லை.

போன வாரம் கோயில் அன்னதானத்துக்கு ஒய்.பி. வந்தார். கேட்டேன். கும்பிட்டபடியே, அந்தக் கேள்வி வரிசையில ரொம்பக் கீழ இருந்துச்சும்மா, நேரத்துக்குள்ள வராதுன்னு முன்னமே தினேஸ்கிட்ட சொன்னேனே, அவங்க சொல்லலியா என்றார். சுற்றி எல்லோரும் நின்றார்கள். சொன்னாங்க ஒய்.பி., எனக்குத்தான் மறந்துபோச்சு என்றேன். ஆம்புரோஸ் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பந்தல் செய்தியில் வந்தால் ஒய்.பி.க்குச் சங்கடம், என் வேலைக்கு ஆபத்து என்று நீ வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டுத் தாங்கியிருப்பேன். பதில் வராது என்று தெரிந்துகொண்டே என் கையால் கயிற்றை அவிழ்க்க வைத்தாயே தினேஸ். கம்பெனிக்காரன் என் வயிற்றில் பிறக்கவில்லை, அவன் மேல் எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை.

மறுபடி பந்தல் போட்டிருக்கிறோம். தங்கச்சி, இந்தத் தடவ முடிச்ச நான் போடுறேன்லா, ஒங்க முடிச்சு சீக்கிரம் அவுந்துடுது என்றார் ஆம்புரோஸ் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீசல் லாரியை மறிப்பதால் உள்ளே புல்டோசர் நிற்கிறது, ஓரத்து மரங்கள் சாய்ந்துவிட்டன, குழிகளை இன்னும் தொடவில்லை. பார்லிமெண்ட் கூடும்போது கூடட்டும், இங்கே தினமும் விடிவதற்கு முன் பெரட்டு உண்டு. அண்ணன் பேர் கூப்பிடுகிறார், அர்ச்சுனன் மகள் தினேஸ்வரி என்று உன் பேரையும். வருவாள் என்று நான் சொல்வதில்லை. அந்தப் பேரை விட்டுவிடுங்கள் என்றும் சொல்வதில்லை.

ஷர்வின் தலையை மழையில் நனைய விடாதே. கோபத்திலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றுகிறேன். வருகிற அமாவாசை அப்பா திதி, மறக்காதே, படையலைத் தகரத்துக்கு வெளியேதான் வைக்க முடியும். ஒய்.பி. வண்டியில் வராதே, பஸ்ஸில் வா. பேர் கூப்பிடும்போது நீயே நின்று பதில் சொல்.

உன்னைப் பெற்றவள்,
ராக்காயி