கோலில் கட்டிய பாவாடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆடுகள் போய்விட்டன. பெரியப்பா சொல்லியிருப்பார். நல்ல விலை, நல்ல மனிதர், மலைக்கு அந்தப்புறம் பெரிய பட்டி என்றெல்லாம் சொல்லியிருப்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எப்படிப் போயின என்பதை அவர் தன் வாயால் சொல்லவே மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

அப்பா சீட்டியடித்துத்தான் மந்தையை நடத்துவார், உனக்கு நினைவிருக்கும். முழங்கால் விட்டுப்போய் அவர் படுத்தபோது நீ நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். நம் பக்கம் கறப்பது பெண்கள் வேலை, மேய்ப்பது ஆண்கள் வேலை. மேய்க்க ஆண் இல்லை என்பதற்காக ஆடுகளுக்குப் பசிக்காமல் இருக்குமா? நான் கோலை எடுத்தேன். அன்றைக்கே பெரியப்பா வாசலில் வந்து நின்றார். போறதுதான் போற, சீட்டி கீட்டி அடிச்சு மானத்த வாங்காத, பொம்பள சீட்டியடிச்சா ஊரு என்ன பேசும் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் என் வாயை மூடிக்கொண்டேன். என் பழைய சிவப்புப் பாவாடையைக் கோலின் நுனியில் கட்டினேன். தூக்கினால் வர வேண்டும், தாழ்த்தினால் நிற்க வேண்டும். அப்பாவின் சீட்டியில் பழகிய கிழட்டு ஆடுகள் முதலில் என்னைச் சட்டையே செய்யவில்லை. அவற்றின் குட்டிகள் பாவாடையைப் பார்த்தே வளர்ந்தன. பிறகு அந்தக் குட்டிகளின் குட்டிகள். அப்பா கண்ணை மூடும்போது சீட்டி தெரிந்த ஆடு ஒன்றுகூட மந்தையில் இல்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஆட்டு வாடை அடிக்கிறது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனதும் இந்தக் கோலால்தான். லீவில் வந்திருந்த நீ அவர்களோடு தெருவரைக்கும் சண்டைக்குப் போனாய். அதை நான் மறக்கவில்லை.

விற்ற அன்று பெரியப்பாவும் தரகரும் வந்தார்கள், கூடவே வாங்கியவரின் ஆட்கள் இரண்டு பேர். வியாபாரம் நடக்கிற இடத்தில் பெண் நிற்கக்கூடாது என்று என்னை உள்ளே போகச் சொன்னார்கள். அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யார் மேய்த்த மந்தை என்று அந்த ஆட்களில் ஒருவர் கேட்டார். வீட்டு ஆளுங்கதான் என்றார் பெரியப்பா. பிறகு பட்டிக் கதவைத் திறந்து சீட்டியடித்தார். முன்பல் விழுந்த பிறகு அவர் சீட்டியில் காற்றுதான் அதிகம். ஒரு ஆடும் அசையவில்லை. அந்த இரண்டு பேரும் சீட்டியடித்துப் பார்த்தார்கள். தெருநாய் எல்லாம் வந்து நின்றது, ஆடு மட்டும் வரவில்லை. நான் சிரித்துவிட்டேன், தம்பி. இப்படியே தோற்றுப்போய் இவர்கள் திரும்பிவிட மாட்டார்களா என்று ஒரு பைத்தியக்கார ஆசை வந்தது.

அப்புறம் கம்பை எடுத்தார்கள். நெற்றியில் வெள்ளை விழுந்த சினையாட்டின் இடுப்பில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. முன்னங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த கோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பெரியப்பா கையில் கொடுத்தேன். இதத் தூக்கிப் பிடிங்க, வரும், அடிக்காதீங்க என்றேன்.

பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு பெண்பிள்ளையின் பாவாடையைக் கொடி மாதிரி தூக்கித் தெருவில் நடக்க வேண்டுமே! தரகர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். வேறு வழியில்லாமல் பெரியப்பா தூக்கினார். மொத்த மந்தையும் எழுந்து அவர் பின்னால் போயிற்று. அடிபட்ட சினையாடும் நொண்டிக்கொண்டே போயிற்று. ஒன்றாவது திரும்பிப் பார்க்கும் என்று நின்றேன். எதுவும் பார்க்கவில்லை. அவற்றைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன்.

உன் மேல் கோபமா என்று கேட்பாய். ஆடு மகனுக்கு, பால் மகளுக்கு என்பது நீ போட்ட சட்டம் இல்லை. வண்டி வாங்க உனக்குப் பணம் வேண்டும், வாங்கிக்கொள். ஆனால் விற்கப் போகும் சேதியைப் பெரியப்பா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அதுதான் வலிக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போதும் விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது. பால் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு பட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாள். நம் வீட்டுக்கு இரவல் பால் வருவது இதுதான் முதல் தடவை. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன்.

நீ அங்கே வந்துவிடச் சொல்கிறாய். நல்ல மனதோடுதான் சொல்கிறாய், உன் மனைவியும் தங்கமான பெண். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மாடி வீட்டில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில், நாள் முழுக்க நடந்த இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

போன வாரம் தரகர் வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, ஆடுகள் அங்கே சரியாக மேய்வதில்லை என்று என்னிடமே வந்து வருத்தப்பட்டார். பாவாடை வழியிலேயே முள்ளில் மாட்டி நார்நாராகக் கிழிந்துவிட்டதாம். சீட்டியடித்து அந்த ஆட்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சமாம். உன்னையும் சேத்தே வித்திருக்கணும்மா என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். தம்பி, எனக்கு அங்கே வேலைக்குப் போக வேண்டும். தரகரிடமே சொல்லி அனுப்பினேன். வீட்டு ஆம்பள ஒரு வரி எழுதிக் குடுக்காம பொம்பளைய வேலைக்கு வைக்க மாட்டேன் என்று வாங்கியவர் சொல்லிவிட்டாராம். நம்ம வீட்டுப் பொண்ணு கூலிக்கு ஆடு மேய்ப்பாளா என்று பெரியப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். கூலி இல்லாமல் மேய்த்த காலத்தில் அவர் குதிக்கவில்லை. ஆக, இந்த வீட்டு ஆம்பளை இப்போது நீதான். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தவன்!

அந்தச் சினையாடு இந்த மாதக் கடைசியில் ஈனும். போன ஈற்றில் குட்டி குறுக்கே கிடந்து, நான்தான் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தேன். அங்கே யாருக்கும் இது தெரியாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நீ வாங்கும் வண்டி உன்னையும் உன் குடும்பத்தையும் நல்லபடியாக வைக்கட்டும். வயிற்றெரிச்சல் இல்லாமல் மனதாரச் சொல்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிப் போடு. கூலிக்குப் போகிறவளை அக்கா என்று எழுதக் கூச்சமாக இருந்தால் அப்படி எழுத வேண்டாம். ஆடு மேய்க்கத் தெரிந்த ஆள் என்று எழுது. யாரைச் சொல்கிறாய் என்று அவருக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா