ஆள் எடுக்கும் குழுவில் நான்

மார்ச் 3, செவ்வாய்

கெரிஸ் வந்தாள். மனநலக் குழுவின் நர்ஸ்; வாராவாரம் வீட்டுக்கு வந்து என் மனசைக் கேட்பவள். என்னைப் போல மெதுவாகப் புரிந்துகொள்கிறவர்களுக்கு உதவியாளர் எடுக்கிறார்களாம். நேர்காணல் செய்கிற குழுவில் நானும் உட்கார வேண்டுமாம். "உங்க வீட்டுச் சாவி யார் கையில இருக்கணும்னு நீங்கதானே சொல்லணும், எலூனெட்?" என்றாள். பின்னே?

மார்ச் 5

வேலை கேட்டவர்களின் பட்டியல் வந்தது, எனக்காகப் பெரிய எழுத்தில். மூன்றாவது பெயர் மெர்வின் ப்ரோபர்ட்.

அவனேதான். அம்மா செத்த வருஷம் என்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஓயாமல் அழுதேன். அங்கே வேலை பார்த்தவன்; அது அழுகை இல்லை, சேட்டை என்று நோட்டில் எழுதி, என்னை நாலாம் அறைக்குள் தள்ளிப் பூட்டினவன். கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்னுக்கிட்டு, "நல்ல பிள்ளையா கேளு, திறக்கறேன்"னு சிரிச்சான். கேட்டேன். திறக்கலியே, பாவி!

மார்ச் 6

கெரிஸிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் குழுவிலிருந்து என்னை எழுப்பிவிட்டு வேறு ஆளை உட்கார வைப்பார்கள். அவன் மூஞ்சியை நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 9

நான் சொன்னால் நம்புவார்களா? அவனுக்கு வாய் இருக்கிறது. எனக்கு? படிப்புதான் ஏறாது — ஞாபகத்துக்கு என்ன கேடு?

மார்ச் 11

வந்தான். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்தான். என் முறை வந்ததும் கேட்டேன்: "ஒருத்தி அழுதா என்ன செய்வீங்க?"

"பக்கத்துல உட்காந்து, ஏன்னு கேப்பேன் கண்ணு."

கெரிஸ் முழு மதிப்பெண் போட்டாள். 

"அப்ப என்னை ஏன் பூட்டினே?"

 கெரிஸைப் பார்த்துச் சிரித்தான். "பாவம், குழப்பிக்கிறாங்க. இவங்கள நான் பார்த்ததே இல்ல. நாலாம் ரூம்ல இருந்தது வேற பொண்ணு."

நாலாம் அறை என்று நான் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரி என்றுகூடச் சொல்லவில்லை.

கெரிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "எந்த நாலாம் ரூம், மெர்வின்?"

அவன் மூஞ்சி செத்துப்போச்சு. ஆசை தீரப் பார்த்தேன்.

மார்ச் 12

அவன் வேலைக்கு வரமாட்டான். ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டேன்.

மார்ச் 19

கெரிஸ் எழுதிப் போட்ட புகாருக்காக கார்டிஃப் நகரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கெரிஸ் என் பக்கத்தில் இருந்தாள். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார். முடித்துவிட்டு, "உங்களைப் பூட்டினது அவர் ஒருத்தர்தானே?" என்று நோட்டை மூடப் போனார்.

"மூடாதீங்க சார்," என்றேன். "இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. பேர் சொல்றேன், எழுதிக்குங்க."