முள் துடித்த காலை

அண்ணா,

இன்று காலை முத்தியால்பேட்டையில் எங்கள் வாசலுக்கு எதிரே இன்டர்நெட் கேபிளுக்காகக் குழி தோண்டினார்கள். மழைத் தண்ணீர் தேங்கி, கருப்புச் சேறும் நனைந்த பழைய கேபிளுமாக ஒரு வாடை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதமாகிறது. இதை வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி மழை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், பழுதான லைன்களை மீட்டர் வைத்துச் சோதிக்கும் டெஸ்ட் மேசையில் நான் இருந்தேன். நீங்கள் கேபிள் பழுது பார்ப்பவர். பெரிய மார்க்கெட் பக்கம் அத்தனை போனும் ஒரே நேரத்தில் செத்துப் போயிருந்தன. புகார் குவிந்த அவசரத்தில், லைனில் வெளி மின்சாரம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டேன். ஈரம் இறங்கிய இடத்தை மட்டும் கணக்குப் போட்டு, "மார்க்கெட் வாசல் கேபிள் குழிதாண்ணா, கேபிள்ல தண்ணி பூந்துடுச்சி" என்றேன்.

"நீ சொன்னா சரிம்மா" என்று சைக்கிளை எடுத்தீர்கள்.

கால் மணி நேரம் கழித்து அதே கேபிளில் இன்னொரு லைனைச் சோதித்தேன். மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தது. கரண்ட் கேபிள் எங்கோ பழுதாகி நம் கேபிளில் மின்சாரம் பாய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நீங்கள் இறங்கப் போவதோ இடுப்பளவு தண்ணீரில். மார்க்கெட்டில் யாருக்காவது போன் பண்ணித் தடுக்கலாம் என்றால், அங்கே ஒரு போனும் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யத்தானே உங்களை அனுப்பியிருந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரியை மின்சார ஆபீசுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். "சீட்ட உட்டுட்டு எங்க போற?" என்று சூப்பர்வைசர் கேட்டார். தெருத் தண்ணீரில் ஒரு செருப்பு போயிற்று. மீன்கூடைகளை இடித்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு திருப்பத்திலும், குழியைச் சுற்றிக் கூட்டம் கூடியிருக்குமோ என்றுதான் பயம்.

நீங்கள் ஏணியில் பாதி இறங்கியிருந்தீர்கள். தண்ணீருக்கும் உங்கள் காலுக்கும் ஒரு சாண்.

"எறங்காதீங்கண்ணா. முள்ளு துடிக்குது."

ஒரு வார்த்தை கேட்காமல் மேலே ஏறி வந்தீர்கள். மின்சார ஆபீஸ் ஆட்கள் வந்து கரண்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "கால வெச்சிருந்தா ஆளு போயிருப்பாரு" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்.

"மொதல்ல அத பாத்திருக்கணும்ணா. நான் பாக்கல" என்றேன்.

பரவாயில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. பீடி பற்றவைக்க மூன்று குச்சி ஆயிற்று. பிறகு சொன்னீர்கள்: "நாளைக்கும் நீயே டெஸ்ட் பண்ணு. வேற யாரு சொன்னாலும் எறங்க மாட்டேன்."

சீட்டை விட்டுப் போனதற்கு எனக்கு மெமோ வந்தது. என் தவறை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு லைனையும் இரண்டு முறை பார்த்தேன். நீங்கள் குழியிலிருந்து ஏறி, லைனில் மாட்டிப் பேசும் கை போனில் "மேல வந்துட்டேம்மா" என்று சொல்லும்வரை ஒரு நாளும் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்ததில்லை. இது உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பயம் இன்னும் என்னோடு இருக்கிறது. வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வந்தால், மெயினை அணைத்துவிட்டதாக அவர் சொன்ன பிறகும் நானே போய்ப் பார்க்கிறேன். அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். வேலை முடிந்து அவர் வாசலைத் தாண்டும்வரை பக்கத்தை விட்டு நகர்வதில்லை.