உன் உயரத்துக்குக் கட்டிய மேடை

அம்மா, உன் மகனின் வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

டிவியில் அமைச்சர் எனக்கு வீட்டுச் சாவி கொடுத்ததைப் பார்த்துவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாயாமே! அவிழ்த்துவிடு. போட்டோ எடுத்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நம் ஜனங்களை முன்னேற்ற ஐந்தாண்டுத் திட்டத்தில் நாங்களே கொத்து வேலை பார்த்துக் கட்டிய வீடுகள் இப்போது அதிகாரிகளுக்காம்.

"உங்க ஆளுங்களுக்கு அடுத்த திட்டத்துல பாக்கலாம்ப்பா" என்று இன்ஜினியர் தோளில் தட்டினார். சிரித்து வைத்தேன்.

நம் பெண்கள் உட்கார்ந்து சமைப்பவர்களாயிற்றே என்று, அடுப்பு மேடையை உன்னை நினைத்துத் தாழ்வாகக் கட்டியவன் நான். அதிகாரி வீட்டம்மாக்கள் நின்றுதான் சமைப்பார்களாம்.

என் பழைய போர்வையை அனுப்பு, இங்கே குளிர். கூடவே நாலு வரி எழுது.

மேஸ்திரி கூப்பிடுகிறார் அம்மா, உன் மேடையை இடிக்க.