மேசையில் கிடந்த ரப்பர் புஷ்

செவ்வாய், இரவு. கவரைப்பேட்டை.

அக்கா வீட்டுக்காரரான மாமாவின் பழைய வால்வு ரேடியோவைச் சாயங்காலம் அக்கா வந்து பொன்னேரியில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பக்கவாதம் வந்ததிலிருந்து மாமா பேசுவதே இல்லை. பாட்டாவது கேட்கட்டும் என்று நான்தான் அதைச் சரிசெய்து கொடுத்தேன். அவள் போன பிறகு மேசையைத் துடைத்தால், போல்ட்டில் மாட்டும் புது ரப்பர் புஷ் ஒன்று கிடக்கிறது.

அந்த ரேடியோவில் பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால், உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே கரண்ட் ஏறிவிடும். அது அடிப்பக்கத்து போல்ட்டுக்கு வராமல் தடுப்பது இந்த ரப்பர்தான். பழசெல்லாம் உதிர்ந்து போயிருந்ததால் காக்களூரில் புதுசு வாங்கி மாட்டினேன். எல்லா இடத்திலும் மாட்டினேனா, இல்லை கடைக்காரர் ஒன்று கூடுதலாகக் கொடுத்தாரா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

உடனே போன் செய்தேன்.

"ரேடியோ எங்க கீதுக்கா?"

"கட்டில் மேலதான். மாமா பக்கத்துல வெச்சிக்கினு கேக்குறாரு."

அது இரும்புக் கட்டில்.

"ரேடியோவத் தொடாத. சுவத்துல சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு பிளக்கப் புடுங்கு."

பாட்டு நின்றது. பிறகு குழறலாக ஒரு குரல், "ஏன்?" என்றது. மாமாவின் குரல்தான். அக்கா அழுதுவிட்டாள்.

"பேசிட்டாருடா. திரும்பப் போடட்டுமா?"

"வேணாங்க்கா. காலையில வந்து பாக்குறேன்."

அவள் சரி என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. தூங்கிவிட்டார்களா, இல்லை பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லையா? விடியும்வரை என்னால் இருக்க முடியாது. பைக்கை எடுக்கிறேன்.