எதிரில் ஓர் ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"ஊரெல்லாம் வியாபாரம் படுத்துக் கிடக்கு, உன் வீடியோ கேம் கம்பெனி மட்டும் தாங்குமாடா?" என்று போனில் கேட்டீர்களே, தாராளமாகத் தாங்கும். கையில் காசு குறைந்தால் மனிதன் முதலில் பயணத்தை விடுகிறான், அப்புறம் ஓட்டலை. வீட்டிலேயே கிடப்பவனுக்குப் பொழுது போக வேண்டாமா? ஒரு கேம் வாங்கினால் மாதக்கணக்கில் ஆடுவான். எங்கள் விற்பனை ஏறித்தான் இருக்கிறது.

ஆட்களை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். அதில் என் பக்கத்து நாற்காலிக்காரரும் போய்விட்டார். நாங்கள் சோதித்துப் பார்ப்பது இருவர் ஆடும் ஆட்டம். அதனால் இப்போது இரண்டு போன்களில் என் வலது கையோடு இடது கை மோதுகிறது. நேற்று இடது கை ஜெயித்தது. "சபாஷ்டா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, கேட்க யாரும் இல்லை.

ஒரு சின்ன உதவி. தங்கையிடம் சொல்லி அந்த ஆட்டத்தை உங்கள் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆடுவோம். வேலைக்காகத்தான். மேலாளர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன். நீங்கள் நன்றாக ஆட வேண்டும் என்றுகூட இல்லை அப்பா, எதிரில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

நீங்கள் திட்டும் அதே
விளையாட்டுப் பிள்ளை